ஸ்டீராய்டு ஊசியை நிறுத்திய பின் வரும் சோர்வுக்கு 'பிசிடி' மாத்திரை சாப்பிடலாமா?

கேள்வி: கோத்தகிரியைச் சேர்ந்த பளுதூக்கும் வீரன் நான். வயது 24. ஜிம்மில் சொன்னதைக் கேட்டு 12 வாரம் டெஸ்டோஸ்டிரோன், நாண்ட்ரோலோன் ஊசிகள் போட்டுக்கொண்டேன். நிறுத்தி இரண்டு மாதமாகிறது. உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது. எதிலும் பிடிப்பில்லை, ஆண்மை உணர்வும் இல்லை, மார்புக் காம்பில் வலி. ஊசிச் சுற்று முடிந்ததும் எடுக்கும் 'பிசிடி' சிகிச்சை என்று டாமாக்சிஃபென், குளோமிஃபீன் மாத்திரைகள் தருகிறார்கள். சாப்பிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். ஊசியை நிறுத்தியது நல்ல முடிவு. அதில் உறுதியாக இருங்கள்.

வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருந்ததால் மூளையின் அடியில் உள்ள உங்கள் பிட்யூட்டரி சுரப்பி, விரைகளை இயக்கும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரண்டு ஹார்மோன்களையும் அடக்கிவிட்டது. அவை இல்லாவிட்டால் விரைகள் டெஸ்டோஸ்டிரோன் சுரக்காது, விந்தணுவும் குறையும். நாண்ட்ரோலோன் ஊசி தசையில் தங்கி மெல்லக் கசிவது. அதனால் நீங்கள் எண்ணும் இரண்டு மாதம் உடம்புக்கு இன்னும் குறைவுதான். பலருக்குச் சுரப்பு தானாகவே திரும்பும். சில மாதம் ஆகலாம், சிலருக்கு ஓராண்டும் தாண்டும். சோர்வு தாளாமல் மறுபடி டெஸ்டோஸ்டிரோன் போட்டால் பிட்யூட்டரி மறுபடி உறங்கிவிடும்.

முதலில் பரிசோதனை. டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். 8 முதல் 10 மணிக்குள் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். பஸ் பிடித்துக் கோவை போய்ச் சேர்வதற்குள் அந்த நேரம் போய்விடக்கூடும். கோத்தகிரியிலோ ஊட்டியிலோ கொடுத்துவிட்டு, முடிவோடு கோவையில் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோனுடன் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், எஸ்ட்ரடியால், புரோலாக்டின், ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளும் தேவை. ஊசியையோ மருந்துக் குப்பியையோ யாருடனும் பகிர்ந்திருந்தால் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளையும் விடாதீர்கள்.

இரண்டு விஷயம் முடிவைக் குழப்பும். முந்தைய ஒரு வாரம் கனமான எடை தூக்கினால் கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் ஏஎஸ்டி, ஏஎல்டி நொதிகள் தசையிலிருந்தே ஏறி, கல்லீரல் கெட்டதுபோல் காட்டும். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிடுபவர்கள் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். சில ஆய்வக முறைகளில் அது டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டியும் எல்ஹெச்சைக் குறைத்தும் காட்டும்.

ஹெமடோக்ரிட் பற்றி மலைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் வாழ்பவர்களுக்குச் சிவப்பணு இயல்பாகவே சற்றுக் கூடியிருக்கும். மருத்துவரிடம் ஊரைச் சொல்லுங்கள். ஆனால் 54 சதவீதத்தைத் தாண்டினால் 'உயரத்தால்தான்' என்று விட்டுவிடக் கூடாது. டாமாக்சிஃபென் ரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டும் மருந்து. ரத்தம் ஏற்கெனவே தடித்திருக்கிறதா என்று பார்க்காமல் அதை ஜிம்மில் கொடுப்பது பெரும் ஆபத்து. ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொன்றையும் உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. டாமாக்சிஃபென், குளோமிஃபீன் இரண்டுமே உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் உள்ளவை; போட்டி இல்லாத நாளிலும் தடைதான். விரைகளைத் தூண்டப் போடும் எச்சிஜி ஹார்மோன் ஊசியும் ஆண்களுக்கு அப்படியே. ஸ்டீராய்டு எடுத்ததால் வந்த குறைபாட்டுக்குச் சிகிச்சை விலக்கு (தடைசெய்த மருந்தைச் சிகிச்சைக்காக எடுக்கும் அனுமதி) பொதுவாகக் கிடைப்பதில்லை. மருத்துவர் இவற்றில் ஒன்றை அவசியமென்று எழுதினால், களத்தை விட்டு விலகியிருந்து சாப்பிடுங்கள். உடல்நலம் பதக்கத்துக்கு முன்னால் வர வேண்டும். நாண்ட்ரோலோனின் எச்சம் பல மாதம் சிறுநீரில் தெரியும் என்பதால், நாள் கணக்குப் போட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்காதீர்கள்.

மார்புக் காம்பு வலியை இப்போதே காட்டுங்கள். புதிதாக வந்த வீக்கம் ஹார்மோன் சீரானால் வடியக்கூடும். ஓராண்டுக்கு மேலானால் நாராக இறுகி, அறுவைசிகிச்சைதான் வழி.

நான் மிகவும் கவலைப்படுவது உங்கள் மனநிலையைப் பற்றி. ஸ்டீராய்டை விட்ட முதல் சில மாதங்களில் ஆழ்ந்த மனச்சோர்வு வரலாம், தற்கொலை எண்ணமும் வரலாம். வீட்டில் ஒருவரிடமாவது நடந்ததைச் சொல்லிவையுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தின் 14416 இலவச எண். எந்நேரமும் தமிழில் பேசலாம். மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள், ரகசியம் காப்பது அவர் கடமை. மீதமுள்ள குப்பிகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எடையைப் பாதியாகக் குறைத்துப் பயிற்சியைத் தொடரலாம். ஹார்மோன் பரிசோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். ஓராண்டாகியும் எல்ஹெச் எழவில்லையென்றால் பிட்யூட்டரிக்கு எம்ஆர்ஐ தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார்.