வீடு வாங்கத் தரகர் தேவையா? – கேள்வி பதில்

வங்கிகளுக்கும் தனியாருக்கும் சொத்துப் பத்திரங்களைச் சரிபார்த்துத் தரும் வழக்கறிஞர் பதிலளிக்கிறார். தமிழ்நாட்டில் வீடு வாங்குவது பற்றி மட்டும் கேளுங்கள்.

கேள்வி: தாம்பரம் பக்கம் பழைய தனிவீடு தேடுகிறோம். தரகர் வைத்துக்கொள்ளலாமா, நாங்களே பார்க்கலாமா?

தேடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தெருவில் யார் விற்கிறார், ஏன் அவசரப்படுகிறார், பக்கத்து வீடு கடைசியில் என்ன விலைக்குப் படிந்தது என்பதெல்லாம் நல்ல தரகருக்கு அத்துப்படி. அதற்குக் கமிஷன் கொடுப்பதில் தவறில்லை. பத்திரம் சரிபார்ப்பதை மட்டும் அவரிடம் விடாதீர்கள். கிரயம் முடிந்தால்தான் அவருக்குக் காசு. "ஒரு வாரிசின் கையெழுத்து விடுபட்டிருக்கிறது, இந்த வீடு வேண்டாம்" என்று சொல்லும் தரகர் தன் வருமானத்தைத் தானே இழக்கிறார். அப்படிச் சொல்கிறவர்களும் உண்டு. எல்லோரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது.

வழக்கறிஞரை நீங்களே தேர்ந்தெடுங்கள். தரகர் கையோடு அழைத்து வருபவர் வேண்டாம். தாய்ப் பத்திரத்தின், அதாவது இந்தச் சொத்து முன்பு கைமாறிய மூலப் பத்திரத்தின், அசலைக் கண்ணால் பாருங்கள். நகலை மட்டும் நீட்டினால், அசல் எங்கோ அடமானத்தில் இருக்கக்கூடும்.

கேள்வி: கமிஷன் எவ்வளவு?

பழைய வீட்டு விற்பனைக்குச் சட்டம் எந்த விகிதமும் வைக்கவில்லை. ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று பேசுகிறார்கள். வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே தொகையை எழுத்தில் வாங்குங்கள். பத்திரம் பதிவாகும் நாளில் கொடுங்கள், முன்பணம் கொடுக்கும் நாளில் வேண்டாம்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். இங்கே வாங்குபவருக்கென்று தனி ஏஜென்ட் உண்டு. கோவையில் வீடு வாங்க அப்படி ஒருவர் கிடைப்பாரா?

அங்கே 2024 ஆகஸ்டிலிருந்து, வீட்டைச் சுற்றிக்காட்டும் முன்பே ஏஜென்ட்டுகள் வாங்குபவரிடம் எழுத்து ஒப்பந்தம் போடும் நடைமுறை வந்துவிட்டது. இங்கே பெரும்பாலும் ஒரே தரகர் இரண்டு பக்கமும் நின்று, இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்கிறார். உங்களுக்காக மட்டும் ஒருவர் உழைக்க வேண்டுமானால், வீடு முடிந்தாலும் முடியாவிட்டாலும் இவ்வளவு என்று தொகையை நிர்ணயித்து எழுதிக்கொள்ளுங்கள்.

பதிவுக்கு நேரில் வர முடியாவிட்டால், இந்த ஒரு சொத்துக்கு மட்டுமான பவரை (உங்கள் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரத்தை) நம்பிக்கையான உறவினருக்கு எழுதிக் கொடுங்கள். தரகருக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். இதைத் தவறவிட்டுவிட்டு வருகிறவர்கள் பலர்.

கேள்வி: நான் தரகர். எங்களைத் திருடர்களைப் போலப் பேசுகிறீர்கள். வில்லங்கச் சான்றிதழைப் பார்த்து மூன்று பக்கம் எழுதிவிட்டு, "காட்டப்பட்ட ஆவணங்களின்படி" என்று ஒரு வரி போட்டு வக்கீல்கள் தப்பித்துக்கொள்வதில்லையா? இடத்தை நேரில் பார்ப்பது யார்?

நல்ல அடி. அந்த வரியை நானும்தான் போடுகிறேன். பாதைத் தகராறு வில்லங்கச் சான்றிதழில் வராது. பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் இருக்கும். வாய்மொழிப் பாகப்பிரிவினையும் பதிவு செய்யாத உயிலும் அதில் தெரியாது. இடத்துக்குப் போகும் தரகருக்கு இவை தெரிய வாய்ப்பு அதிகம். ஆனால் தெரிந்ததை வாங்குபவரிடம் சொல்கிறாரா? என்னிடம் வந்த ஒரு வழக்கில் பத்திரம் முப்பது ஆண்டுக்குச் சுத்தம். பின்வீட்டுக்காரர் இந்த வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாகத்தான் நடந்துகொண்டிருந்தார். குடிபோன வாரம் சந்தில் கேட் போட்டார்கள், மறுநாள் காவல் நிலையம். தரகர் அதே தெருக்காரர்.

அதே தரகர்: இரண்டு பக்கமும் வாங்குவது குற்றமா?

இரண்டு பேருக்கும் தெரிந்து வாங்கினால் இல்லை. விற்பவர் 60 லட்சம் கேட்க, வாங்குபவரிடம் 64 என்று சொல்லி, நடுவிலுள்ள நான்கை மறைத்து எடுப்பதுதான் சிக்கல். முகவர் தன்னை அமர்த்தியவருக்குத் தெரியாமல் அவருடைய காரியத்தில் சொந்த ஆதாயம் பார்த்தால், அந்த ஆதாயத்தை அமர்த்தியவர் கேட்டு வாங்கலாம் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. ஒழுங்கான தரகர் இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து விலை பேசுவார். உங்களிடம் அந்தப் பழக்கம் இருந்தால் நான் சொன்னது உங்களைப் பற்றியதல்ல.

அதே தரகர்: நேரில் உட்காரவைத்தால் என்னை விட்டுவிட்டு அவர்களே முடித்துக்கொள்கிறார்களே!

உண்மைதான், அதுவும் அநியாயம். எழுத்து ஒப்பந்தம் உங்களையும்தான் காப்பாற்றும்.

கேள்வி: புதிய அடுக்குமாடியில் வாங்கினால் தரகருக்கு உரிமம் வேண்டுமா?

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் (2016) பதிவான திட்டமென்றால், அதை விற்றுக்கொடுப்பவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். எண்ணைக் கேளுங்கள். பழைய வீட்டு மறுவிற்பனைக்கு இது பொருந்தாது.

கேள்வி: விற்பவர் பெயரில் பட்டா இருக்கிறது. போதாதா?

போதாது. தாய்ப் பத்திரத்தின் அசலைப் பார்த்தீர்களா?

கேள்வி: முன்பணம் ஐந்து லட்சத்தை ரொக்கமாகத் தன்னிடம் தரச் சொல்கிறார் தரகர்.

தராதீர்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கியவருக்கு அபராதம், உங்களுக்கோ கொடுத்ததற்குச் சான்று இருக்காது. விற்பவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்புங்கள்.

கேள்வி: பவர் பத்திரத்தை மட்டும் வைத்து விலை குறைத்துத் தருகிறார்களே?

பவர் எழுதிக் கொடுப்பதால் உரிமை மாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கிரயம் பதிவாக வேண்டும்.

கேள்வி: வாஸ்துப்படி வாசல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

என் துறை இல்லை.

கேள்வி: கமிஷன் எவ்வளவு கொடுக்கலாம்?

இரண்டாவது கேள்வியின் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அசல் தொலைந்துவிட்டது, நகல் இருக்கிறது என்கிறார் விற்பவர். தரகரும் அதையே சொல்கிறார். கமிஷன் எவ்வளவு தரலாம்?

ஐயா, கமிஷன் இருக்கட்டும். போலீஸில் கொடுத்த புகாரும், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்றிதழும், நாளிதழ் அறிவிப்பும் இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு ரூபாய்கூட முன்பணம் தராதீர்கள்.

அதே தரகர்: என் வாடிக்கையாளர் ஒருவருக்குப் பத்திரம் பார்த்துத் தருவீர்களா?

தருகிறேன். அவரே நேரில் வரட்டும், கட்டணத்தையும் அவரே கொடுக்கட்டும். அசலை எடுத்து வரச் சொல்லுங்கள்.