ஊர்ச் சமுதாய வானொலியின் நிகழ்ச்சிகளையும் அறிவிப்பாளர்களையும் பற்றி நேயர்கள் கருத்துச் சொன்னால் ஏதாவது மாறுமா? எப்படிச் சொல்ல வேண்டும்?

நிச்சயமாக மாறும். கடலோர ஊர் ஒன்றின் சமுதாய வானொலியில் தன்னார்வலராக இருந்து, நேயர்களின் தொலைபேசி அழைப்புகளையும் குரல் பதிவுகளையும் குறித்து வைக்கும் வேலையைச் சில ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஆனால், எல்லாக் கருத்துகளும் ஒரே அளவுக்குப் பயன்படுவதில்லை. எந்தக் கருத்து நிலையத்தை அசைக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நேயருக்கு இருக்கும் உரிமையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறு பகுதியின் மக்களுக்காக அந்தப் பகுதிக்குள் மட்டும் ஒலிக்கும் சமுதாய வானொலி, இந்தியாவில் 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டு, 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒலிக்கத் தொடங்கி, 2006-க்குப் பின் தொண்டு நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்தப் பகுதி மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும் என்பது விதி. ஒலிபரப்பான நிகழ்ச்சிகளை மூன்று மாதங்களுக்குப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பதும் விதிதான். ஆகவே, தேதியும் நேரமும் குறிப்பிட்டு நீங்கள் ஒரு குறை சொன்னால், 'அப்படி எதுவும் ஒலிபரப்பாகவில்லை' என்று யாரும் தட்டிக் கழிக்க முடியாது; பதிவை எடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். நிலையத்துக்கென ஓர் ஆலோசனை மற்றும் உள்ளடக்கக் குழுவும் இருக்க வேண்டும். 2024-இல் திருத்தப்பட்ட நெறிமுறைகளின்படி அதன் உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். உங்கள் ஊர் நிலையத்தில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நேரடியாக அறிவிப்பாளரிடம் சொல்லத் தயக்கமாக இருப்பவற்றை அவர்களிடம் சொல்லலாம்.

எங்களுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை பாராட்டுகள். 'நிகழ்ச்சி மிகவும் அருமை, தங்கள் பணி தொடர வாழ்த்துகள்' என்று வரும் செய்தியைப் படிக்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் மறுநாள் எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்று அதிலிருந்து எதுவும் தெரியாது. தொலைதூர நாடுகளிலிருந்து வரும் சிற்றலை வானொலியைக் கேட்ட பழைய தலைமுறை நேயர்கள் இதில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள். சீன வானொலியின் தமிழ்ப் பிரிவுக்கும் பிலிப்பைன்ஸிலிருந்து தமிழில் ஒலிபரப்பிய வேரித்தாஸ் வானொலிக்கும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நேயர் மன்றம் அமைத்து எழுதியவர்கள், ஒலிபரப்பு எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த அலைவரிசையில் கேட்டது, ஒலி எவ்வளவு வலுவாக இருந்தது, வேறு நிலையத்தின் குறுக்கீடு இருந்ததா, இரைச்சல் எவ்வளவு என்பதையெல்லாம் எண்களாகக் குறித்து, கேட்ட நிகழ்ச்சியின் விவரத்தையும் சேர்த்து அனுப்புவார்கள். அதைச் சரிபார்த்து, கேட்டது உண்மைதான் என்று உறுதிசெய்யும் ஒரு வண்ண அட்டையை நிலையம் அனுப்பி வைக்கும். அந்த ஒழுங்கை அப்படியே நம் ஊர் வானொலிக்கும் கடைப்பிடிக்கலாம் என்பது என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் அலை உயரம், காற்றின் வேகம் ஆகிய முன்னறிவிப்புகளை நாங்கள் காலை ஏழு மணிக்கு வாசித்து வந்தோம். அது எங்கள் பயனுள்ள நிகழ்ச்சிகளில் ஒன்று என்பதில் எங்களுக்கு ஐயமே இருக்கவில்லை. நாட்டுப் படகில் தொழிலுக்குப் போகும் ஒருவர் அனுப்பிய குரல் பதிவு அதை மாற்றியது. 'நீங்க வாசிக்கிற நேரத்துக்கு நாங்க வலையை இழுத்துக்கிட்டு இருப்போம் தம்பி. இஞ்சின் சத்தத்துல ஒரு தடவை சொன்னா காதுல விழாது' என்று அவர் சொல்லியிருந்தார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது கடற்கரையில் பின்னிரவில் நின்று பார்த்தவர்களுக்கு விளங்கும். அதன் பிறகு முன்னறிவிப்பு முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கும், படகு இறக்கும் நேரத்துக்குச் சற்று முன்பும் வாசிக்கப்பட்டது. அலை உயரத்தையும் காற்றின் வேகத்தையும் நிறுத்தி நிதானமாக இரண்டு முறை சொல்வது வழக்கமாயிற்று. அரை நிமிடக் குரல் பதிவு ஒன்று இவ்வளவையும் செய்தது.

அறிவிப்பாளர்களைப் பற்றிய கருத்து இன்னும் நுட்பமானது. மீனவர் குடியிருப்பிலிருந்து வந்து நிகழ்ச்சி நடத்திய ஒரு பெண்ணைப் பற்றி, 'உச்சரிப்புச் சரியில்லை, நல்ல தமிழ் பேசுகிறவரைப் போடுங்கள்' என்று நகரப் பக்கத்திலிருந்து அடிக்கடி அழைப்பு வரும். இதை நான் ஏற்கவில்லை. இன்றும் ஏற்க மாட்டேன். நிகழ்ச்சிகள் கூடுமானவரை உள்ளூர் மொழியிலும் பேச்சு வழக்கிலும் இருக்க வேண்டும் என்றுதான் இந்த வானொலிக்கான நெறிமுறைகளே சொல்கின்றன. அந்தப் பெண்ணின் நிகழ்ச்சிக்குத்தான் அவருடைய குப்பத்துப் பெண்கள் கூச்சமின்றி அழைத்துப் பேசினார்கள்.

அதற்காக அறிவிப்பாளரைக் குறை சொல்லவே கூடாது என்று பொருளில்லை. விருந்தினரைப் பேச விடாமல் குறுக்கிடுவது, தயாரிப்பில்லாமல் வந்து பாட்டைப் போட்டு நேரத்தை ஓட்டுவது, அழைத்தவரின் ஏழ்மையைத் துருவிக் கேட்பது ஆகியவை கட்டாயம் சுட்டிக்காட்டப்பட வேண்டியவை. எங்கள் அறிவிப்பாளர்கள் அழைத்தவரிடம் பெயர், ஊர், தெரு மூன்றையும் கேட்பது வழக்கம். ஒரு நாள் ஒரு கல்லூரி மாணவி நேரில் வந்து, 'தெருவைக் கேட்காதீர்கள் அண்ணா, தெருவைச் சொன்னால் என்ன சாதி என்று ஊரே தெரிந்துகொள்ளும். அதனால்தான் எங்கள் பக்கத்திலிருந்து யாரும் பேசுவதில்லை' என்று சொன்னார். அறிவிப்பாளர் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கேள்வி செய்த வேலை அதுதான். மறுநாளே பெயரும் ஊரும் போதும் என்று முடிவாயிற்று. எனக்குத் தெரிந்து, எங்கள் நிலையத்துக்கு வந்த கருத்துகளில் மிகப் பெரியது அதுவே.

அந்த மாணவி வந்திராவிட்டால் அது எங்களுக்குத் தெரியவே வந்திராது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அழைக்கிறவர்கள் பெரும்பாலும் அதே சிலர்தான். அவர்களுடைய விருப்பமே ஊரின் விருப்பம் என்று நிலையம் நம்பிவிடுவது எளிது. ஆகவே நிலையத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மீன் ஏலம் நடக்கும் இடத்துக்கும், ரேஷன் கடை வரிசைக்கும், நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரைக்கும் நீங்களே போங்கள். 'எங்கள் வானொலி எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் முகத்துக்காக நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். 'நேற்று என்ன கேட்டீர்கள், எப்போது நிறுத்தினீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள்.

நேயர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப இவ்வானொலிகளுக்கு அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்தோ உள்ளூர் மொழியில் பெயர்த்தோ ஒலிபரப்ப மட்டுமே முடியும். ஒலிபரப்பியின் திறன் பொதுவாக 100 வாட் என்பதால், பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் கேட்கவில்லை என்ற குறைக்கு அறிவிப்பாளரிடம் விடை இருக்காது.

கருத்து அனுப்புவதற்கு வாட்ஸ்அப் குரல் பதிவே போதும். நிகழ்ச்சியின் பெயர், நாள், நேரம், உங்களை உறுத்திய அல்லது பயன்பட்ட இடம், அதற்குப் பதிலாக என்ன வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து நேயர் கடித நிகழ்ச்சிக்கே அழைத்து, அந்தக் கருத்து என்ன ஆயிற்று என்று கேளுங்கள். அந்த நிகழ்ச்சியில் பாராட்டுக் கடிதங்களை மட்டும் வாசிக்கும் நிலையங்கள் பல உள்ளன. குறை சொன்ன கடிதத்தையும் முழுமையாக வாசித்து, எதை எப்போது மாற்றப் போகிறோம், எதை ஏன் மாற்ற முடியாது என்று ஒலிபரப்பிலேயே சொல்லும்படி வற்புறுத்துங்கள்.