கார் கேமரா எங்க ஒட்டுறது, கரண்ட் எங்கேர்ந்து எடுக்குறது: உங்க கேள்விக்கு என் பதில்

சிங்கப்பூர்ல கார் ஓட்டுறவங்ககிட்டேர்ந்து இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல கார் கேமரா பத்திதான். எந்த பிராண்டு நல்லதுன்னு நிறைய பேரு கேக்குறீங்க, வயர் எந்த பக்கம் போகுதுன்னு கேக்குறவங்க ரொம்ப கம்மி. ஆனா என்கிட்ட பிரச்சினைன்னு வர்ற கார்ல முக்காவாசி வயர் பிரச்சினைதான், அதனால அதைத்தான் கொஞ்சம் விரிவா சொல்றேன்.

ரியர்வியூ மிரருக்கு பின்னாடி ஒட்டணும்னா வலது பக்கமா இடது பக்கமா? (செங்காங்லேர்ந்து ஒரு அண்ணன்)

இடது பக்கம்ணே. நமக்கு ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கு, அதனால ரியர்வியூ மிரருக்கு பின்னாடி பயணி பக்கமா ஒட்டுனா கேமரா உங்க கண்ணுலயே படாது, ரோடும் மறையாது. வைப்பர் துடைக்கிற இடத்துக்குள்ள லென்ஸ் வருதான்னு ஒட்டுறதுக்கு முன்னாடியே வைப்பரை ஒரு தடவை ஓட விட்டு பாத்துடுங்க, இல்லைன்னா டிசம்பர் மழையில பிஐஇ விரைவுச்சாலையில நடந்தது எதுவும் பதிவுல தெரியாது. புது கார்ல மிரருக்கு பின்னாடியே கம்பெனி கேமராவும் மழை சென்சாரும் இருக்கும், லேன் பாக்குறதும் தானா பிரேக் போடுறதும் அந்த கேமராவை வச்சுதான், அது பாக்குற வழியில எதையும் வைக்காதீங்க. முன் கண்ணாடி மேல் ஓரத்துல கருப்பு புள்ளி புள்ளியா இருக்கும்ல, அங்க டேப் சரியா ஒட்டாது, சுத்தமான கண்ணாடியில ஒட்டுங்க.

ரெண்டு வாரத்துல கேமரா கழண்டு தொங்குது, டேப் மட்டமா? (ஈசூன்)

டேப் மேல தப்பு இருக்காதுக்கா, ஒட்டுன விதம்தான். ஆல்கஹால் துடைப்பான்ல கண்ணாடியை துடைச்சு, நல்லா காஞ்சதுக்கு அப்புறம் ஒட்டி அரை நிமிஷம் அழுத்தி புடிங்க. 3எம் விஎச்பி மாதிரி ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப் முழு பலத்துக்கு வர 72 மணி நேரம் ஆகும், அதனால மொதல்ல மவுண்டை (கேமராவை தாங்குற பிடியை) மட்டும் ஒட்டிட்டு குறைஞ்சது ஒரு நாளாவது விட்டு கேமராவை மாட்டுங்க. வெயில்ல நின்ன கார்ல உடனே ஒட்டாம மல்டிஸ்டோரி கார் பார்க்ல நிழல்ல நிறுத்தி செய்யுங்க. திறந்த கார் பார்க்லயே நிறுத்துறவங்க கேமரா வாங்கும்போது உள்ள லித்தியம் பேட்டரி இல்லாம சூப்பர் கெப்பாசிட்டர் (பேட்டரிக்கு பதிலா சூடு தாங்கி கரண்ட் சேத்து வைக்கிற பாகம்) இருக்கிறதா பாத்து வாங்குங்க, நம்ம ஊர் வெயிலுக்கு லித்தியம் பேட்டரி உப்பிடும்.

மிரர்லேர்ந்தே கரண்ட் எடுக்கலாம்னு சொல்றாங்க, பியூஸ் பாக்ஸ் வரைக்கும் போகணுமா?

எடுக்கலாம், ஆனா உங்க மிரர் ராத்திரியில தானா மங்குற வகையா இருந்தாதான், சாதா மிரருக்கு கரண்டே வராது. வயர் ஒரு சாண் போதும், ரூஃப்பை தொட வேண்டாம், வெளிய எதுவும் தெரியாது, எனக்கே புடிச்ச முறை. ஆனா ரெண்டு விஷயம் இருக்கு. அங்க வர்றது 12 வோல்ட், கேமராவுக்கு பெரும்பாலும் 5 வோல்ட்தான் வேணும், நடுவுல வோல்டேஜ் குறைக்கிற அடாப்டர் இல்லாம நேரா கொடுத்தா கேமரா போயிடும். இன்னொன்னு, அந்த லைன்ல பொதுவா சாவி போட்டாதான் கரண்ட் வரும், அதனால பார்க்கிங் மோடு, அதாவது கார் நிக்கும்போதும் பதிவாகுறது, கிடைக்காது. எந்த வயர்ல கரண்ட் வருதுன்னு மல்டிமீட்டர் வச்சு பாருங்க, யூடியூப்ல சொன்ன வயர் கலரை நம்பாதீங்க, மாடலுக்கு மாடல் மாறும்.

பார்க்கிங் மோடு வேணும்னா பியூஸ் பாக்ஸ்தான். கேமராவை பியூஸ் பாக்ஸோட இணைக்கிற ஹார்ட்வயர் கிட்ல மூணு வயர் இருக்கும்: ஒன்னு எப்பவும் கரண்ட் வர்ற பியூஸுக்கு, ஒன்னு சாவி போட்டா மட்டும் வர்ற பியூஸுக்கு, மூணாவது கிரவுண்ட், அதை பெயிண்ட் இல்லாத பாடி போல்ட்ல இறுக்குங்க. பியூஸ் டேப் (பியூஸ் இடத்துல சொருகி தனி லைன் எடுக்குற கிளிப், ஒட்டுற டேப் இல்ல) போட்டுதான் எடுக்கணும், வயரை பியூஸ் காலுல சுத்தி சொருகுற வேலை வேணவே வேணாம். ஏர்பேக், ஏபிஎஸ் பிரேக் பியூஸ் பக்கமே போகாதீங்க.

வயரை ஓரமா இறக்குறது நானே செய்யலாமா?

இந்த கேள்வியை கேட்டதுக்கு நன்றி தம்பி. முன் கண்ணாடி ஓரத்துல இருக்குற ஏ பில்லர்ங்குற தூணுக்குள்ள நிறைய கார்ல கர்ட்டன் ஏர்பேக் (பக்கவாட்டுல திரை மாதிரி விரியுறது) இருக்கு. வயர் அதுக்கு பின்னாடிதான் போகணும், முன்னாடி போனா ஏர்பேக் விரியும்போது வயரும் சேந்து வந்து மூஞ்சியில அடிக்கும், இல்லைன்னா ஏர்பேக் ஒழுங்கா விரியாது. போன வருஷம் ஒருத்தர் கார்ல ரியர் கேமரா வேலை செய்யலைன்னு பில்லரை கழட்டுனேன், ஒரு வர்க்‌ஷாப்ல போட்ட வயர் ஏர்பேக் மேலயே கேபிள் டை போட்டு கட்டியிருந்துச்சு, அந்த கார்லதான் ரெண்டு சின்ன புள்ளைங்க தினமும் ஸ்கூலுக்கு போறாங்க, எனக்கு கை நடுங்கிடுச்சு. கவரை கழட்டி பழக்கம் இல்லைன்னா நீங்க செய்யாதீங்க. உபியோ காக்கி புக்கிட்டோ சின் மிங்கோ எந்த பட்டறை ஏரியால குடுத்தாலும் சரி, பில்லர் கவரை மூடுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து குடுங்கன்னு கேளுங்க, நல்லா வேலை செய்றவங்க சந்தோஷமா காட்டுவாங்க.

கேமரா போட்டதுலேர்ந்து சனிக்கிழமை காலையில கார் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது

திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் எம்ஆர்டி-ல போறீங்க, கார் எச்டிபி அடுக்குமாடி வீட்டு கார் பார்க்ல நிக்குது, பார்க்கிங் மோடு ஓடுது. கணக்கு போடுங்க: கேமரா 0.3 ஆம்பியர் இழுக்குதுன்னு வச்சுக்கிட்டா ஒரு ராத்திரி 10 மணி நேரத்துக்கு 3 ஆம்பியர் அவர், அது ஒன்னுமில்ல. அதுவே அஞ்சு நாள் விடாம 120 மணி நேரம் ஓடுனா 36 ஆம்பியர் அவர் வந்துடும், உங்க பேட்டரியே 45தான். ஹார்ட்வயர் கிட்ல கட் ஆஃப் வோல்டேஜை (கேமராவை நிறுத்துற அளவை) 12.2 வோல்ட்ல வைங்க, பேட்டரி சுமாரா பாதிக்கு வந்ததும் கேமரா தானா நின்னுடும். 11.8-ல வச்சா பேட்டரி கிட்டத்தட்ட காலி ஆன பிறகுதான் நிக்கும். ஹைப்ரிட் காருக்கும் இதேதான், அந்த சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்தா பெரிய பேட்டரி நிறைய இருந்தும் கார் கிளம்பாது.

கிராப் வாடகை கார் ஓட்டுறேன், உள்பக்கமும் பதிவாகுற கேமரா ஆன்லைன்ல வாங்கி மாட்டலாமா?

கூடாது. வாடகை ஓட்டுற காருக்குள்ள பயணியை பாத்து பதியிற கேமராவுக்கு எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி வேணும், அனுமதிச்ச வகைதான் போடணும், பதிவை டிரைவரே எடுத்து பாக்க முடியாது. ரோட்டை பாக்குற முன் கேமராவுக்கு இந்த கட்டுப்பாடு இல்ல.

மெமரி கார்டு?

ஹை எண்டியூரன்ஸ்னு (திரும்ப திரும்ப எழுதுறதை தாங்குற வகை) போட்டது வாங்குங்க, மாசம் ஒரு தடவை கேமராவுலயே ஃபார்மேட் பண்ணுங்க. எங்கயாவது இடிச்சுட்டா அப்பவே அந்த கிளிப்பை லாக் பண்ணி போனுக்கு எடுத்துக்குங்க, கேமரா சுத்தி சுத்தி பழசு மேலயே எழுதும். இன்சூரன்ஸுக்கு 24 மணி நேரத்துக்குள்ள, இல்லைன்னா அடுத்த வேலை நாளுக்குள்ள சொல்லணும், அப்போ அந்த கிளிப் உங்க கையில இருக்கணும்.