எனேபிளை ஆஃப் பண்ணியும் டிகோடர் லைனை விட மாட்டேங்குதே?

கேள்வி: அண்ணே, நான் காரைக்குடில இன்ஜினியரிங் படிக்கிறேன். லோ ட்ரிகர் (சிக்னல் லோ ஆனா அடிக்கிற) ரிலே எட்டு இருக்கிற போர்டை கைசுவிட்ச்லேருந்தும் ஓட்டணும், மைக்ரோகன்ட்ரோலர்லேருந்தும் ஓட்டணும். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு 74ஹெச்சி138 (எட்டு அவுட்புட்ல அட்ரஸ் சொல்ற ஒண்ணை மட்டும் லோ ஆக்குற டிகோடர் ஐசி) போட்டு அவுட்புட்டை ஒண்ணா சேர்த்துட்டேன். ஒண்ணை எப்பவும் டிசேபிள் பண்ணித்தான் வைக்கிறேன், ஆனாலும் ஐசி சூடாகுது, வோல்டேஜ் ரெண்டுங்கெட்டானா நிக்குது. டிகோடருக்கு ஹை-இசட் (ஹையும் இல்லாம லோவும் இல்லாம லைனை விட்டு ஒதுங்குற நிலை) எப்படிக் கொண்டுவர்றது?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: டிசேபிள் பண்ணினா 138 ஒதுங்காது தங்கச்சி, எட்டு அவுட்புட்டையும் ஹை ஆக்கிட்டு லைனை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் புடிச்சுக்கிட்டு நிக்கும், அதே நேரம் இன்னொரு 138 அந்த லைனை கிரவுண்டுக்கு இழுக்கும், சூடு அதனாலதான். லாஜிசிம்ங்கிற சர்க்யூட் சிமுலேட்டர்ல டிகோடரை டிசேபிள் பண்ணினா ஃப்ளோட்டிங் (அதாவது ஹை-இசட்) ஆகுற மாதிரி செட் பண்ணலாம், அதைப் பாத்துட்டு நிறைய பேர் நெஜ ஐசியும் அப்படித்தான்னு நம்பிடுறாங்க.

ஒவ்வொரு 138க்குப் பின்னாடியும் ஒரு 74ஹெச்சி541 பஃபர் ஐசி போடுங்க. 2லேருந்து 9 வரைக்கும் இன்புட், எதிர்ப்பக்கம் 18லேருந்து 11 வரைக்கும் அவுட்புட், இதைத்தான் ஒண்ணா சேர்க்கணும். 1, 19 ரெண்டு காலும் லோவா இருந்தாத்தான் சிக்னல் போகும், ஒண்ணு ஹை ஆனாலும் எட்டும் ஹை-இசட். அந்த ரெண்டு காலையும் சேர்த்து, எந்தப் பக்கம் ஓட்டணும்னு சொல்ற செலக்ட் லைனை ஒரு 541க்கு நேராவும், இன்னொண்ணுக்கு 74ஹெச்சி04 இன்வெர்ட்டர் வழியா தலைகீழாவும் குடுத்துடுங்க. 540 வாங்கிடாதீங்க, அது சிக்னலை இன்வெர்ட் பண்ணிடும். 244ம் ஓடும், ஆனா அதுல ஒரு எனேபிள் நாலு லைனுக்குத்தான், ஒயரிங்கும் குறுக்கும் நெடுக்குமாப் போகும். காரைக்குடி கல்லுக்கட்டி பக்கம் கெடைக்கலேன்னா மதுரைக்குப் போறவங்ககிட்ட சொல்லி விடுங்க.

ஒவ்வொரு லைன்லேருந்தும் 5 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் கண்டிப்பா வேணும், ஒரு போர்டைக் கழட்டினாக்கூட லைன் அந்தரத்துல நின்னு ரிலே தானா அடிக்கக்கூடாதில்ல. புல்-அப் மாட்டுறதுக்கு முன்னாடியே ஒரு டெஸ்ட் பண்ணிக்கங்க: டிசேபிள் பண்ணின அவுட்புட்டை அதே 10 கிலோ ஓம் வழியா 5 வோல்ட்டுக்கும் அப்புறம் கிரவுண்டுக்கும் தொட்டுப் பாருங்க, மீட்டர் ரெண்டு பக்கமும் கூடவே போனா அது நெஜமான ஹை-இசட்.

ஆனா உங்க வேலைக்கு ஹை-இசட்டே தேவையில்லேங்கிறதுதான் என் கருத்து. ஒரே ஒரு 138 வச்சுக்கிட்டு முன்னாடி ஒரு 74ஹெச்சி157 (ரெண்டு இன்புட்ல ஒண்ணை மட்டும் அனுப்புற மக்ஸ் நாலு இருக்கிற ஐசி) போட்டா போதும், அதுல மூணு மக்ஸ் அட்ரஸுக்கு, நாலாவது எனேபிளுக்கு, ரெண்டு அவுட்புட் மோதிக்கிற பேச்சே கிடையாது. ட்ரை-ஸ்டேட் பஸ்ஸைத்தான் (ஹை-இசட் வச்சு ஒரே லைனைப் பகிர்ந்துக்கிற முறை) செஞ்சு காட்டணும்னு காலேஜ்ல சொல்லியிருந்தா மட்டும் 541 வழிக்குப் போங்க.