ஐந்தாம் மாதம் கண் விழித்ததாலா?

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. ஆட்டிசம் என்று போன வருடம் சொன்னார்கள். அவனைச் சுமந்தபோது, ஐந்தாம் மாதத்தில், பேங்க் பரீட்சைக்காக இரவெல்லாம் கண் விழித்துப் படித்தேன். "அதனாலதான் பிள்ளை இப்படி" என்கிறார் மாமியார். ஆட்டிசம் கருவிலேயே தொடங்குகிறது என்று படித்ததிலிருந்து எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா, டாக்டர்?
- ஒரு வாசகி, சின்னாளப்பட்டி

பதில்: இல்லை அம்மா. நீங்கள் கண் விழித்துப் படித்ததால் வந்ததல்ல இது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல மனம் வருகிறது.

1970களின் கடைசியில் நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, தாயிடம் பாசம் குறைந்தால் ஆட்டிசம் வரும் என்ற கருத்து எங்களுக்கு எட்டிய புத்தகங்களில் இன்னும் இருந்தது. அதை நம்பி ஒரு தாயிடம், "குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவீங்களா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. இடுப்பிலிருந்த பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டார். ஆனால் பிரிட்டனில் ஃபோல்ஸ்டீன், ரட்டர் இருவரும் இரட்டையரை ஆராய்ந்து 1977-லேயே அந்தக் கருத்தை ஆட்டம் காண வைத்திருந்தார்கள். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனி முட்டைகளிலிருந்து பிறந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. இரண்டு வகை ஜோடிக்கும் ஒரே கருப்பை, ஒரே வீடு, ஒரே மடிதான். ஜீன் ஒற்றுமையில்தான் வித்தியாசம். எனக்கு இது தெரியவர வருடங்களாயின. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை.

நீங்கள் படித்ததும் உண்மைதான். 2013-ல் ஜெரமி வில்சி முதலான அமெரிக்க ஆய்வாளர்கள், ஆட்டிசத்தோடு உறுதியாகத் தொடர்புள்ள ஒன்பது ஜீன்களை எடுத்துக்கொண்டு, அவை எப்போது, மூளையின் எந்த இடத்தில் சேர்ந்து வேலை செய்கின்றன என்று தேடினார்கள். கரு உருவாகிப் பத்தாவது வாரத்திலிருந்து இருபத்து நாலாவது வாரத்துக்குள், மூளையின் மேற்புறணியில் ஆழத்து அடுக்குகளின் நரம்பணுக்களில் என்று தெரிந்தது. உங்கள் ஐந்தாம் மாதமும் அதற்குள் வருகிறது, மறைக்கவில்லை. ஆனால் அது ஜீன்கள் வேலை செய்யும் காலம். அந்த ஜீன்களின் எழுத்து அதற்கு முன்பே முடிவாகிவிட்டது.

உங்கள் ஊரில் தறி பார்த்திருப்பீர்கள். எந்த வடிவத்தை நெய்வது என்று துளைகளால் தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை இடம் மாறியிருந்தால், அந்த அட்டை சுற்றி வரும்போதுதான் புட்டாவில் தெரியும். அன்றைக்குத் தறியில் உட்கார்ந்தவர் ராத்திரி தூங்கினாரா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

அந்த எழுத்து பெரும்பாலும் இரு குடும்பங்களிலிருந்தும் சிறுசிறு வேறுபாடுகளாக வந்து சேர்வது. சிலருக்கு, பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய மாற்றம் ஒன்று விந்தணுவிலோ முட்டையிலோ நேர்ந்திருக்கும். தகப்பனின் வயது கூடக்கூட வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு மாற்றங்கள் கூடுவதை ஐஸ்லாந்தில் 2012-ல் கணக்கிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை எந்த விளைவும் இல்லாதவை. பழியை உங்கள் கணவர் பக்கம் திருப்ப இதைச் சொல்லவில்லை. உயிரணு தன்னைப் பிரதியெடுப்பது யார் கையிலும் இல்லை.

இரண்டாவது குழந்தை. ஆட்டிசமுள்ள அண்ணனோ அக்காவோ இருந்த 664 குழந்தைகளை மூன்று வயது வரை கவனித்த ஆய்வு 2011-ல் வந்தது. 18.7 சதவீதம் பேருக்கு ஆட்டிசம் இருந்தது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. இது சின்ன எண்ணிக்கை என்று சொல்லமாட்டேன். பயந்து ஒதுங்க வேண்டியது என்றும் சொல்லமாட்டேன். பெறுவதா வேண்டாமா என்பது நீங்கள் இருவரும் எடுக்க வேண்டிய முடிவு. கர்ப்பகால ஸ்கேனில் ஆட்டிசம் தெரியாது. தெரியும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

முதலில் மகனுக்கு மரபணுப் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். பல குழந்தைகளுக்கு அதில் தனிக் காரணம் எதுவும் கிடைப்பதில்லை. கிடைத்தால் உங்கள் குடும்பத்துக்கென்றே துல்லியமான கணக்குச் சொல்ல முடியும். ருபெல்லா தடுப்பூசி போடாமலிருந்தால் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பாவது போட்டுக்கொள்ளுங்கள். வலிப்புக்கு வால்புரோயேட் சாப்பிடுபவரானால், நீங்களாக நிறுத்தாமல் இப்போதே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ஆட்டிசத்தின் வாய்ப்பைக் கூட்டுவதாக உறுதியாகத் தெரிந்த மருந்து அது.

மரபணு ஆலோசகரிடம் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று தலைமுறையில் யார் தாமதமாகப் பேசினார்கள், யாருக்கு வலிப்பு இருந்தது என்றெல்லாம் கேட்பார்கள். உங்கள் கணவர் வீட்டுக் கதை அவருக்குத்தான் தெரியும்.