வாசகர் கேள்வி – பதில்: ஊழியத்தில் அலுப்பு

கேள்வி: பன்னிரண்டு வருடமாக ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். மாமியார் படுத்த படுக்கையாகி ஒரு வருடம் ஆகிறது. ராத்திரி இரண்டு முறை எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வருவதில்லை. ஊழியத்தை நிறுத்தினால் பின்மாற்றம் (விசுவாசத்தை விட்டுப் பின்வாங்குவது) ஆகிவிடுமோ?
– ஒரு வாசகி, நாசரேத்

பதில்: சகோதரி, உங்களுக்கு வந்திருப்பது அலுப்பு. அதைப் பின்மாற்றம் என்று எண்ணி உங்களையே குற்றப்படுத்திக்கொள்ளாதீர்கள். 1 இராஜாக்கள் 19ஐ நிதானமாக வாசியுங்கள். சூரைச்செடியின் கீழே சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்காக யாரும் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாம் முறை சாப்பிட்ட பிறகுதான் ஓரேபுக்குப் பயணம். அங்கே புது வேலை கொடுத்த கர்த்தர், துணைக்கு எலிசாவையும் கொடுத்தார்.

விடுப்பு கேளுங்கள். “கொஞ்ச நாள் ஓய்வு” என்று சொன்னால் மூன்றாம் ஞாயிறே கூப்பிட்டுவிடுவார்கள். எந்த ஞாயிறு முதல் எந்த ஞாயிறு வரை என்று போதகரிடம் தேதி குறித்துச் சொல்லுங்கள். மூன்று மாதம் கேட்கலாம். வருகைப் பதிவேட்டையும் பாடப் புத்தகத்தையும் அடுத்தவரிடம் ஒப்படையுங்கள். எந்தப் பிள்ளை வீட்டில் என்ன கஷ்டம் என்று ஒரு பக்கம் எழுதிக்கொடுங்கள். இரண்டு ஞாயிறு கூடவே உட்கார்ந்து பழக்கிவிடுங்கள். சொல்லாமல் நின்றுவிடுகிறவர்கள்தான் பிறகு கூச்சப்பட்டு ஆராதனைக்கும் வராமல் போகிறார்கள். நீங்கள் ஆராதனையை மட்டும் விடாதீர்கள். அந்த இரண்டு மணி நேரம் மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வாய்விட்டுக் கேளுங்கள்.

வார்த்தை வராத நாளில் ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தால் போதும். 88ஆம் சங்கீதம் கடைசி வரைக்கும் இருளிலேயே முடிகிறது, அதுவும் ஜெபம்தான். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுக் கிடந்தால் மருத்துவரைப் பாருங்கள். சாகவேண்டும் என்ற நினைவு வந்தால் அன்றைக்கே வீட்டாரிடம் சொல்லி மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: பிறரிடம் உதவி கேட்பது விசுவாசக் குறைவு அல்லவா? தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு போன்ற மிஷனெரிகள் தனியாக நின்றுதானே சாதித்தார்கள்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கியபோதே சீகன்பால்குவோடு புளூச்சோ என்ற சக மிஷனெரி இருந்தார். அப்போது அந்த ஊரை ஆண்ட டேனிஷ் அதிகாரி சீகன்பால்குவை நான்கு மாதம் சிறையில் வைத்தது உண்மை. ஆனால் அவருடைய வேலையைப் பாருங்கள்: தமிழ் அச்செழுத்துகளை ஜெர்மனியின் ஹாலே நகரத்து நண்பர்கள் வார்த்து அனுப்பினார்கள். அவை அளவில் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. 1719இல், 36 வயதில், அவர் மரித்தபோது பழைய ஏற்பாடு ரூத் வரைதான் மொழிபெயர்ப்பாகியிருந்தது. மீதியை முடித்தவர் அவருக்குப் பின் வந்த மிஷனெரி சூல்ச்.

பவுலும் அப்படித்தான். “நல்ல போராட்டத்தைப் போராடினேன்” என்ற வசனத்தைச் சுவரில் மாட்டுகிறோம். அதே அதிகாரத்தில் (2 தீமோத்தேயு 4), துரோவா பட்டணத்தில் கார்ப்பு வசம் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவா, புஸ்தகங்களைக் கொண்டுவா, மாற்குவைக் கூட்டிவா, மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு என்று தீமோத்தேயுவுக்குப் பட்டியலே போடுகிறார். உங்களுக்கு என்ன வேண்டும், யாரிடம் இருக்கிறது, எப்போதைக்குள் வேண்டும் – இந்த மூன்றையும் அவரைப்போலத் தெளிவாகச் சொல்லுங்கள்.

கேள்வி: சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன். லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில்) உபவாசம் இருக்க முடியவில்லையே?

பதில்: இன்சுலினும் சில மாத்திரைகளும் வெறும் வயிற்றில் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும், மயங்கி விழ நேரும். மருத்துவரைக் கேட்காமல் ஒருவேளைகூடத் தள்ளாதீர்கள். லெந்து முழுவதும் டிவியை நிறுத்தி, அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுக்கலாம். திருவிருந்து ஞாயிறும் வெறும் வயிற்றோடு வராமல், இட்லி சாப்பிட்டுவிட்டே வாருங்கள்.