எக்செல் காட்டுவது ஒன்று, நிரல் படிப்பது வேறொன்றா?

கேள்வி: எக்செல் கோப்பு ஒன்றைப் பைத்தான் நிரலில், அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் (pandas) நூலகம் கொண்டு படிக்கிறேன். திரையில் 00457 என்று தெரியும் ஊழியர் எண் 457 ஆகிவிடுகிறது. பணியில் சேர்ந்த தேதியோ, சில வரிகளில் மட்டும் 45519 என்று வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. எக்செல் ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பைத் தனியாகவும், அதை எப்படிக் காட்ட வேண்டும் என்ற ஃபார்மட்டைத் தனியாகவும் வைத்திருக்கிறது. 15-08-2024 என்று நீங்கள் பார்க்கும் தேதி, கோப்புக்குள் நாட்களின் எண்ணிக்கையைச் சொல்லும் 45519 என்ற வெறும் எண்தான். அது தேதி என்று நிரலுக்குச் சொல்வது ஃபார்மட் மட்டுமே என்பதால், யாரோ ‘ஜெனரல்’ (பொது ஃபார்மட்) என்று மாற்றிவைத்த வரிகளில் எண் அப்படியே வந்துவிடுகிறது. அந்த வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, 1899 டிசம்பர் 30-உடன் அத்தனை நாட்களைக் கூட்டுங்கள். (1900-ஐ லீப் ஆண்டாகக் கருதும் பழைய பிழையை எக்செல் இன்றும் சுமப்பதால்தான் இந்த விசித்திரமான தொடக்க நாள்.) 1904-இலிருந்து நாட்களை எண்ணும் தேதி முறையில் அமைந்த கோப்பாக இருந்தால் மட்டும் 1,462 நாள் வித்தியாசம் வரும்.

ஊழியர் எண் உரையாகச் சேமிக்கப்பட்டிருந்தால், படிக்கும்போதே அந்த நெடுவரிசைக்கு டிடைப்பை (dtype, தரவு வகை) எஸ்டிஆர் (str, உரை) என்று கொடுத்தால் போதும். ஆனால் 457 என்ற எண்ணுக்கு 00000 என்ற ஃபார்மட் போடப்பட்டிருந்தால், அந்தப் பூஜ்யங்கள் கோப்பில் மதிப்பாக இல்லவே இல்லை. உரையாக மாற்றியபின் முன்னால் பூஜ்யம் சேர்க்கும் இசட்ஃபில் (zfill) கொண்டு 5 இலக்கமாக நிரப்ப வேண்டும். இரண்டில் எது என்பதை எக்செல் கோப்புகளைப் படிக்கும் பைத்தான் நூலகமான ஓப்பன்பைஎக்செல்லில் (openpyxl) அந்தக் கட்டத்தின் நம்பர் ஃபார்மட்டைப் பார்த்து அறியலாம்.